ஆறு குஞ்சு காட்டிய ஆசை!

நாமக்கல் பக்கத்து மக்களுக்குக் கோழி வளர்ப்பு புதிதல்ல. முட்டைக்குப் பேர் போன சீமை அது. அங்கேயும் "ஈமு கோழி" பலரை ஏமாற்றிவிட்டது!

ஈமு, ஆஸ்திரேலியா நாட்டுப் பறவை. ஆள் உயரம் வளரும்; பறக்காது. ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் இருந்த "சுசி ஈமு பார்ம்ஸ்" கம்பெனி ஆசை காட்டியது:

"ரூ.1½ லட்சம் கட்டுங்கள். 6 குஞ்சும் தீனியும் தருகிறோம். மாதம் ரூ.6 ஆயிரம். ஆண்டுக்கு ரூ.20 ஆயிரம் போனஸ். 2 ஆண்டு முடிந்ததும் கட்டிய பணம் வாபஸ்!"

கூட்டிப் பார்த்தால், ரூ.3 லட்சத்து 34 ஆயிரம்! சேலம், நாமக்கல் பகுதியிலும் இப்படிப்பட்ட கம்பெனிகள் முளைத்தன. கடன் வாங்கியும் ஜனங்கள் பணம் கட்டினார்கள்.

இந்தக் கறியை வாங்கித் தின்பவர் யார்? அதை யாரும் கேட்கவில்லை. பின்னால் வந்தவர் கட்டிய பணமே, முன்னால் வந்தவருக்குப் போனது!

2012 ஆகஸ்டில் குட்டு உடைந்தது. தீனி இல்லாமல் பறவைகள் செத்தன. பிறகு, கம்பெனி உரிமையாளருக்குக் கோவை கோர்ட்டு 10 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது.

ஏமாற்றியவருக்குப் பேராசை. ஏமாந்தவருக்கோ கொஞ்சம் ஆசை. தூண்டிலுக்கு அந்தக் கொஞ்சம் போதும்! பணம் கட்டும் முன் கேளுங்கள்: "இந்த லாபம் எங்கிருந்து வருகிறது?"