தலைவலி மட்டுமா? மறதியும் எரிச்சலும்கூடத்தான்!

அன்று வெள்ளிக்கிழமை. எனக்கு விரதம். காலையிலிருந்தே கொட்டாவி கொட்டாவியாக வந்தது. பிடரி இறுகிக் கிடந்தது. சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்று நினைவில்லாமல் இன்னொரு தடவை போட்டேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. கேஸ் நாற்றம் வந்த பிறகுதான் கவனித்தேன். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் சின்னவள், "அம்மா, பின்னல் போட்டு விடேன்" என்று மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, கையிலிருந்த சீப்பாலேயே ஓர் அடி வைத்துவிட்டேன். குழந்தை அழவில்லை. "உனக்குத் தலைவலியாம்மா?" என்று கேட்டாள்.

மத்தியானம் வலது நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடி ஆரம்பித்தது. வாந்தி. வெளிச்சம் ஆகவில்லை, குக்கர் சத்தம் ஆகவில்லை. இரண்டு நாள் இருட்டறையில் படுக்கை. "எங்க காலத்துல இதுக்கெல்லாம் படுக்க நேரமேது?" என்றார் மாமியார். அந்தச் சொல் வலியைவிட அதிகமாக வலித்தது.

மூன்றாம் நாள் வலி போயிற்று. ஆனால் மூளைக்குள் பஞ்சடைத்த மாதிரி இருந்தது. தினமும் பேசும் எதிர்வீட்டு மாமியின் பெயர் வாயில் வரவில்லை. 'முப்பத்தைந்து வயதிலேயே மறதி நோயா? எனக்குப் புத்தி பேதலிக்கிறதா?' பயம் பிடித்துக்கொண்டது. "என்னடி, ஏன் இப்படி இருக்கே?" என்று கேட்ட கணவரிடம், "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "வலி மட்டும் உங்க வியாதி இல்லைம்மா. அந்தக் கொட்டாவி, எரிச்சல், மறதி எல்லாம் சேர்ந்ததுதான் மைக்ரேன்" என்றார். எனக்குப் பாதி பாரம் அப்போதே இறங்கிவிட்டது.

ஒற்றைத் தலைவலி என்று நாம் சொல்லும் இது, நாலு கட்டமாக வரக்கூடியது. வலிக்கு ஓரிரு நாள் முன்பே கொட்டாவி, கழுத்து இறுக்கம், சிடுசிடுப்பு, கவனக்குறைவு தலைகாட்டும். சிலருக்கு மட்டும் கண்ணெதிரே நெளிநெளியாக வெளிச்சம் தெரியும். அப்புறம் வலி, மருந்தில்லாவிட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். வலி போன பிறகும் ஓரிரு நாள் களைப்பும் மந்தமும் இருக்கும். எல்லாருக்கும் எல்லாக் கட்டமும் வருவதில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் மூன்று மடங்கு அதிகம். மாதவிலக்கை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் குறைவதும் ஒரு காரணம்.

"அப்போ என் ஞாபகசக்தி?" என்று கேட்டேன். வலி சமயத்தில் யோசிக்கும் வேகமும் கவனமும் குறைவது நிஜம். வலி அடங்கினால் திரும்பிவிடும் என்றார். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்து 2012-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மைக்ரேன் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட வேகமாக அறிவுத்திறன் குறையவில்லை என்று தெரிந்ததாம்.

மனசு விஷயம் வேறு. மைக்ரேன் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகமாக வருகின்றன. மனச்சோர்வு உள்ளவர்களுக்குத் தலைவலியும் அதிகமாகிறது. ஒன்றை ஒன்று வளர்க்கும். தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சொன்னதால்தான் அதற்கும் சேர்த்து வைத்தியம் கிடைத்தது.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். அஞ்சறைப்பெட்டியில் சீரகத்துக்குப் பக்கத்திலேயே வலி மாத்திரை வைத்திருந்தேன். சாதாரண வலி மாத்திரையானாலும் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ எடுத்து, அது மாதக்கணக்கில் தொடர்ந்தால், மாத்திரையே தலைவலியைக் கொண்டு வருமாம்! சிலவகை மாத்திரைகளுக்கு 10 நாளே அதிகம்.

இப்போது வலி வரும் நாள், தூங்கிய நேரம், சாப்பிட்ட நேரம், மாதவிலக்கு, மனநிலை எல்லாவற்றையும் பால்கணக்கு எழுதும் காலண்டரிலேயே குறிக்கிறேன். வெறும் வயிறும் தூக்கக் குறைவும்தான் எனக்கு எதிரிகள் என்று மூன்று மாதத்தில் புரிந்தது. விரதத்தை விட்டேன். டாக்டர் தந்த தடுப்பு மாத்திரையும் உதவுகிறது.

சகோதரிகளே, கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் கேட்காமல் எந்த மாத்திரையும் போடாதீர்கள். கண்ணில் வெளிச்சம் தெரிகிற வகை மைக்ரேன் என்றால், கருத்தடை மாத்திரை தொடங்குமுன் டாக்டரிடம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ளவை பக்கவாத அபாயத்தைக் கூட்டும். இதுவரை காணாத கடும் வலி திடீரென்று வந்தாலோ, கைகால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ வீட்டில் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சின்னவளிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். இப்போது கொட்டாவி வந்ததுமே, "இன்னிக்கு அம்மாவுக்கு வரும் போலிருக்கு" என்று வீட்டில் சொல்லிவிடுகிறேன். அவள் ஜன்னல் திரையை இழுத்து விடுகிறாள். பின்னல் போடுவது அன்றைக்கு மாமியாரின் வேலை.