இரும்பைத் தேடி அலையும் பூஞ்சைகள்



2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை என்ற பெயர் வீட்டுக்கு வீடு அடிபட்டது. அந்த ஆண்டு மே மாதம் தமிழக அரசு அதை, கண்டறிந்தால் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பலர் சர்க்கரை நோயாளிகள். பலர் ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்கள். இந்தப் பூஞ்சை மண்ணிலும் காற்றிலும் எப்போதும் இருப்பது. நாம் எல்லோரும் அதை மூச்சோடு இழுக்கிறோம். அப்படியிருக்க, இவர்களை மட்டும் ஏன் பிடித்தது? அதற்கான விடையில் ஒரு பெரும்பகுதி இரும்புச்சத்தைப் பற்றியது.

இரும்புச்சத்து என்றால் நமக்கு முருங்கைக்கீரையும் ரத்தச்சோகையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும்; அது இல்லாமல் அவை பெருக முடியாது. வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 3 முதல் 4 கிராம் இரும்பு உண்டு. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதியை ஃபெரிட்டின் என்ற புரதம் ஈரல் முதலிய உறுப்புகளில் சேமித்து வைக்கிறது. ரத்தத்தில் ஓடும் சொற்ப இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இறுகப் பிடித்திருக்கும். கண்ணீர், எச்சில், தாய்ப்பால் ஆகியவற்றில் லாக்டோஃபெரின் அதே காவலைச் செய்கிறது. ஆக, கிருமி உள்ளே வந்தாலும் கேட்பாரற்றுக் கிடக்கும் இரும்பு அதற்கு அநேகமாகக் கிடைக்காது.

நோய்த்தொற்று வந்துவிட்டால் காவல் இன்னும் கடுமையாகிறது. ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. உடனே குடலிலிருந்தும் சேமிப்பிலிருந்தும் ரத்தத்துக்கு வரும் இரும்பு குறைந்துவிடுகிறது. நாள்பட்ட நோயில் படுத்தவர்களுக்கு ரத்தச்சோகை வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கிருமியைப் பட்டினி போட, உடல் தானும் கொஞ்சம் பட்டினி கிடக்கிறது.

பூஞ்சைகள் இந்தப் பட்டினிக்குப் பழகிக்கொள்கின்றன. முதலில் சிக்கனம். இரும்பு குறைந்ததும், இரும்பை அதிகம் செலவழிக்கும் உள்வேலைகளைக் குறைத்துக்கொள்கின்றன. அடுத்து, இரும்பைக் கவர்வதற்கான கருவிகளைப் பெருக்குகின்றன. கைக்குழந்தைகளின் நாக்கில் வெள்ளையாகப் படரும் கேண்டிடா பூஞ்சை, ஹீமோகுளோபினிலிருந்தே இரும்பை எடுக்கக்கூடியது. ஃபெரிட்டினிலும் ஒட்டிக்கொண்டு கறக்கும். நுரையீரலைத் தாக்கும் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வழி வேறு. சிடரோஃபோர் என்ற சிறு மூலக்கூறுகளைத் தூண்டில் போல வெளியே அனுப்பி, அவை இரும்பைக் கவ்வியதும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்தத் தூண்டிலைச் செய்ய முடியாதபடி மரபணுவை நீக்கிய அஸ்பர்ஜில்லஸால் ஆய்வகத்தில் எலிகளுக்கு நோயை உண்டாக்க முடியவில்லை. அதன் பிழைப்பே அந்தத் தூண்டிலில்தான் இருக்கிறது.

இனி கருப்புப் பூஞ்சைக்கு வருவோம். (பூஞ்சை கருப்பு நிறம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ரத்தக் குழாய்களை அடைத்துவிடுவதால் செத்துப்போகும் சதைதான் கருக்கிறது.) சர்க்கரை கட்டுமீறி ரத்தத்தில் கீட்டோன்கள் சேரும்போது ரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. அந்த நிலையில் டிரான்ஸ்ஃபெரினின் பிடி தளர்ந்து இரும்பு நழுவுகிறது. பூட்டிய கிடங்கின் கதவு திறந்துகொண்டது போல. அதே நேரத்தில் வெள்ளை அணுக்களும் சோர்ந்திருக்கும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றுவதோடு எதிர்ப்பு சக்தியையும் தாழ்த்துகிறது.

இதில் மருத்துவர்களையே திகைக்க வைத்த ஒரு சங்கதி உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் உடலில் சேரும் அலுமினியத்தையும் மிகுதியான இரும்பையும் அகற்ற டெஸ்ஃபெராக்ஸமின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். 1980களில் அப்படி மருந்து எடுத்தவர்களிடையே இந்தப் பூஞ்சை நோய் தென்பட ஆரம்பித்தது. இரும்பை அகற்றும் மருந்து பூஞ்சையைப் பட்டினி போட வேண்டுமே, வளர்ப்பானேன்? அந்த மருந்தே ஒரு நுண்ணுயிர் செய்யும் சிடரோஃபோர். மருந்து கவ்விய இரும்பைப் பூஞ்சை அதனிடமிருந்தே பறித்துக்கொண்டது.

பிறகு, பூஞ்சைக்குப் பயன்படாத டெஃபராசிராக்ஸ் என்ற வேறொரு இரும்பு அகற்றும் மருந்து எலிகளில் நல்ல பலன் தந்தது. ஆனால் 2012இல் வெளியான, 20 நோயாளிகளிடம் செய்த சிறு ஆய்வில் அந்த மருந்து பெற்றவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. இரு பிரிவினரின் உடல்நிலையும் ஆரம்பத்திலேயே ஒன்றாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எப்படியானாலும், எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே நம்பிவிட முடியாது என்பதற்கு இது நல்ல சாட்சி.

எனவே குடும்பங்கள் செய்யக்கூடியது சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. இன்சுலின் போடுபவர்கள் காய்ச்சலில் சாப்பாடு குறைந்தது என்று தாமாக ஊசியை நிறுத்தக் கூடாது. நோன்பு வைக்க விரும்பினால் ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் பேசி அளவை முடிவு செய்துகொள்ள வேண்டும். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி அல்லது வீக்கம், மூக்கிலிருந்து கருப்பான கசிவு, மேல் அண்ணத்தில் கருந்திட்டு, பார்வை இரண்டாகத் தெரிவது ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ஆம்போடெரிசின் மருந்தும், செத்த சதையை அகற்றும் அறுவை சிகிச்சையும் தாமதமானால் கண்ணும் உயிரும் போகலாம்.

இதைப் படித்துவிட்டு, கர்ப்பிணிகளும் ரத்தச்சோகை உள்ள பிள்ளைகளும் சாப்பிடும் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடும் இரும்பை உடல் பூட்டித்தான் வைக்கும்.