டைல்ஸ் நடுவுல கேப் விடணுமா, வேண்டாமா? கும்மிடிப்பூண்டி பக்கம் வீடு கட்டுறவங்க கவனத்துக்கு

லோன் போட்டுக் கட்டுற வீட்டுக்கு டைல்ஸ் டிசைன் பார்க்க நாலு கடை ஏறி இறங்குறோம். டைல்ஸ்களுக்கு நடுவே வரும் கோட்டை மட்டும் மேஸ்திரியிடம் விட்டுடுறோம். "கேப்பே தெரியாம ஒட்டிடுங்க" என்பதோடு நம்ம பேச்சு முடிஞ்சுடுது. சில வருஷம் கழித்து ஹாலில் ரெண்டு டைல்ஸ் கூடாரம் மாதிரி எழும்பி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூடு ஏறினால் டைல்ஸ் கொஞ்சம் விரியும், அடியில் உள்ள சிமென்ட் காயும்போது சுருங்கும். நகர இடமில்லை என்றால் ஒன்றை ஒன்று நெட்டித் தள்ளும். சுவரோரமும் 5, 6 மில்லிமீட்டர் விடச் சொல்லுங்க. ஸ்கர்ட்டிங் அதை மறைச்சுடும்.

நடுவுல எவ்வளவு? அமெரிக்காவின் ஏஎன்எஸ்ஐ தரவிதிப்படி சுமார் 1.6 மி.மீ.க்குக் குறையவே கூடாது. அதோடு, டைல்ஸ்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசப்படுதோ, அதன் மூன்று மடங்காவது கேப் வேண்டும். பெட்டியைப் பிரித்து நாலைந்தை அளந்து பாருங்க. 1 மி.மீ. வித்தியாசம் வந்தால் 3 மி.மீ. ஸ்பேசர். ஓரம் வெட்டிச் சீராக்கிய விட்ரிஃபைடு டைல்ஸுக்கு 2 மி.மீ. போதும். ஆனால் பெரிய டைல்ஸை செங்கல் வரிசை மாதிரி மாற்றி மாற்றி ஒட்டினால், அதுக்கும் 3 மி.மீ. விடுவது நல்லது. நீள டைல்ஸ் நடுவில் லேசாக வளைந்திருக்கும், விளிம்பு காலில் தட்டும்.

கலரை, இந்தப் பக்கத்தில், தண்ணிதான் முடிவு பண்ணுது. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல் நீர் புகுந்தது 1960-களின் கடைசியிலேயே பதிவான விஷயம். பக்கத்துக் காட்டுப்பள்ளியில் 2010-ல் தினமும் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. உப்புத் தண்ணியில் கரைத்த சிமென்ட் க்ரௌட் காயும்போது தண்ணி ஆவியாகும், உப்பு மேலே வெள்ளையாகப் பூத்து நிற்கும். கறுப்பு, சாக்லேட் கலரில் இது அப்பட்டமாகத் தெரியும். சரி, வெள்ளையே போட்டுடலாம்னா, போர் தண்ணியில் இரும்பு இருந்தால் மஞ்சளடிக்கும். சிப்காட் பக்கம் ஜன்னல் திறந்தால் வரும் தூசி வேற. நடுத்தர சாம்பல், மணல் கலர்தான் என் ஓட்டு. க்ரௌட் கரைக்க மட்டுமாவது குடிக்கிற தண்ணி கொடுங்க. அளவுக்கு மேல் ஊற்றினால் கலர் வெளுக்கும், திட்டுத் திட்டாகும்.

வெறும் ஒயிட் சிமென்ட் அடைப்பது பழைய வழக்கம். சீக்கிரம் விரிசல் விடும், கறை குடிக்கும். பாத்ரூம், சமையல் மேடைக்கு எபாக்ஸி க்ரௌட் போடலாம். தண்ணி உறிஞ்சாது. ஆனால் விலை பல மடங்கு, டைல்ஸ் மேல் பட்டதை உடனே துடைக்கணும், நேரடி வெயிலில் நாளடைவில் பழுப்பேறும். பால்கனிக்கு வேண்டாம்.

கேட்லாக்கில் பார்க்கும் கலரும் காய்ந்த கலரும் ஒன்றல்ல. மிச்சமான ரெண்டு டைல்ஸை அட்டையில் ஒட்டி, கேப்பை நிரப்பி, ஒரு நாள் காயவிட்டுப் பாருங்க. பிடிச்ச பாக்கெட்டின் கலர் பேர், பேட்ச் நம்பரை போனில் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. பின்னாடி ஒரு டைல்ஸ் மாற்ற வேண்டி வந்தால் கடையில் காட்ட உதவும்.