முருகைக்கல்லுக்குள் ஒளிந்து வருபவை: புதிய கடல்நீர் மீன்தொட்டியின் முதல் ஆறு வாரங்கள்

இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில் நியூகீ என்ற கரையோர நகரம் இருக்கிறது. அங்குள்ள புளூ றீஃப் மீன் காட்சிச்சாலையில், 2009ஆம் ஆண்டில், ஒரு தொட்டியின் மீன்கள் காயப்படத் தொடங்கின. முருகைகள் கடித்துக் குதறப்பட்டன. டாங் இன மீன் ஒன்று ஏறத்தாழ இரண்டாக வெட்டப்பட்ட நிலையில் காணப்பட்டது. எது கடிக்கிறது என்று பகலில் எவராலும் பார்க்க முடியவில்லை. இரவில் இரை வைத்த பொறிகள் காலையில் உடைந்து கிடந்தன. கடைசியில் பணியாளர்கள் பாறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தார்கள். உள்ளே இருந்தது நான்கு அடி நீளமான ஒரு கடற்புழு. மிகச் சிறியதாக இருந்தபோது பாறையோடு வந்து, அங்கேயே தின்று வளர்ந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள்.

அனுபவமுள்ள பணியாளர்கள் நாளாந்தம் பராமரிக்கும் தொட்டியிலேயே இப்படி நடக்கிறது. வீட்டில் முதன்முறையாகக் கடல்நீர் மீன்தொட்டி வைப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

கல்லா, உயிரா?

நெடுந்தீவுக்குப் போனவர்களுக்கு முருகைக்கல் வேலிகள் நினைவிருக்கும். அந்தக் கற்களை உற்றுப் பார்த்தால் எங்கும் துளைகள். மீன்தொட்டிக் கடைகளில் 'உயிர்ப்பாறை' என்று விற்பதும் அடிப்படையில் அதே கல்தான். இறந்த முருகையின் எலும்புக்கூடு அது. ஆனால் அது கடலுக்குள் கிடந்த காலத்தில் அதன் துளைகளில் பற்றீரியா, பாசி, கடற்பஞ்சு, புழு, நண்டு எனப் பல உயிர்கள் குடியேறியிருக்கும். வேலிக்கல் காய்ந்தது. இது ஈரத்தோடும் உயிரோடும் வருகிறது.

இதைப் பணம் கொடுத்து வாங்குவது அழகுக்காக மட்டுமல்ல. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உருவாகிறது. சிறிதளவு அமோனியாவே மீனைக் கொல்லும். பாறையில் வாழும் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், பின்னர் நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. ஒட்சிசன் எட்டாத உட்பகுதியில் வாழும் வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றை வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. இந்தச் சுழற்சி நிலைபெற வழமையாக நான்கு முதல் ஆறு வாரங்கள் எடுக்கும். அதுவரை மீன் விடக்கூடாது.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பற்றீரியாவுக்கு வீடு கொடுக்கும் அதே துளைகள்தாம் வேட்டையாடிக்கும் வீடு. உயிரோடு ஒரு பாறையை வாங்கினால் அதற்குள் எந்த உயிர் இருக்கிறது என்பதைக் கடைக்காரராலும் முழுமையாகச் சொல்ல முடியாது.

யார் யார் வரலாம்?

முதலாவது, மன்டிஸ் இறால். பெயரில் இறால் இருந்தாலும் குணம் வேறு. ஒரு வகை ஈட்டி போன்ற காலால் மீனைக் குத்திப் பிடிக்கும். இன்னொரு வகை சுத்தியல் போன்ற காலால் நத்தை ஓட்டையும் நண்டையும் உடைக்கும். மயில் நிற மன்டிஸ் இறாலின் அடி செக்கனுக்கு 23 மீற்றர் வேகம் வரை அளக்கப்பட்டிருக்கிறது. இரவில் தொட்டியிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால் பலர் இதைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் பிஸ்டல் இறாலும் அதே போன்ற சத்தத்தை எழுப்பும். அது பெரும்பாலும் தொல்லையற்றது.

இரண்டாவது, உடலெல்லாம் மயிர் நிறைந்த, கவ்விகளின் நுனி கறுத்த நண்டுகள். சிறியவையாக இருக்கும்போது பாசி தின்னும். வளர்ந்த பின் முருகையையும் தூங்கும் மீனையும் கிள்ளும்.

மூன்றாவது, நியூகீயில் பிடிபட்டது போன்ற யூனிசிட் புழுக்கள். தலையில் ஐந்து உணர்கொம்புகளும், வெளிச்சத்தில் வானவில் போல மினுங்கும் உடலும் இவற்றின் அடையாளம். இவற்றில் பெரியது பொபிட் புழு. ஜப்பானில் மீன்பிடித் துறைமுக மிதவை ஒன்றுக்குள் 2009இல் கிடைத்த ஒன்று ஏறத்தாழ 3 மீற்றர் நீளமாக இருந்தது.

நான்காவது, ஐப்டேசியா என்ற சிறு கடல் அனிமனி. இது ஓடித் திரிந்து வேட்டையாடாது. பக்கத்திலிருக்கும் முருகையைக் கொட்டி அழித்துப் பரவும். பிய்த்தெடுத்தால் மிஞ்சிய துண்டிலிருந்து மீண்டும் முளைக்கும்.

எல்லோரும் எதிரிகள் அல்லர்

புதியவர்கள் பெரும்பாலும் பயந்து கொல்வது முள்மயிர்ப் புழுக்களை. இளஞ்சிவப்பு அல்லது மண்ணிறத்தில், இரு பக்கமும் வெண்மயிரோடு, இரவில் பாறை இடுக்கிலிருந்து வெளியே வரும். மீன் செத்துக் கிடக்கும் இடத்தில் இவற்றைக் காண்பதால் பழியும் இவற்றின் மேலேயே விழுகிறது. பெரும்பாலானவை செத்ததையும் மிஞ்சியதையும் தின்று தொட்டியைத் துப்புரவாக்குபவை. வெறுங்கையால் மட்டும் தொடக்கூடாது. மயிர் தோலில் ஏறிக் கடுமையாக எரியும்.

ஆகவே முதலில் அடையாளம் காண வேண்டும், பிறகுதான் அகற்ற வேண்டும்.

கொதிக்க வைக்க வேண்டாம்

பாறையைக் கொதிநீரில் போட்டால் எல்லாம் செத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இது உயிராபத்தான யோசனை. சில பொத்தான் முருகைகளில் பலிடொக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. சூட்டுக்கு இலகுவில் அழியாத அந்த நஞ்சு நீராவியோடு மூச்சுக்குள் போகலாம். 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்ஷயரில், வீட்டு மீன்தொட்டியின் முருகையைத் துப்புரவாக்கியதைத் தொடர்ந்து ஒரு குடும்பத்தினரும் உதவிக்கு வந்தவர்களும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பாறையைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். காயமுள்ள கையை விடாதீர்கள்.

காத்திருக்கும் வாரங்களே காவல் நேரம்

மீன் விடாமல் காத்திருக்கும் அந்த ஆறு வாரங்களைப் பலர் வீணான காலமாகப் பார்க்கிறார்கள். உண்மையில் ஒளிந்திருப்பவரைப் பிடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. இழக்க எதுவும் தொட்டிக்குள் இல்லை. பாறையை எந்த நேரமும் வெளியே எடுக்கலாம். உள்ளே இருப்பவருக்கும் பசி எடுக்கும்.

வாங்கி வந்தவுடன் பாறையை வாளியில் கடல்நீர் விட்டு அலசுங்கள். வழமையான கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். அதை 50 கிராம் அளவுக்கு உயர்த்திய நீரில் சில நிமிடங்கள் வைத்தால், நண்டும் மன்டிஸ் இறாலும் பெரும்பாலும் துளையைவிட்டு வெளியே வரும். ஆழமான துளைக்குள் பதுங்கியிருந்தால், பாறையை வெளியே எடுத்து, சுவை சேர்க்காத சோடாவை ஊசிக்குழாயால் அத்துளைக்குள் செலுத்தலாம்.

பிறகு பாறையைத் தனித் தொட்டியில் வையுங்கள். இரவில் விளக்கை அணைத்து இரண்டு மணித்தியாலங்களுக்குப் பின், டோர்ச்சைச் சிவப்புத் தாளால் மூடிப் பாருங்கள். பல இரவு உயிரினங்களுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது. போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு வைத்தால் எளிய பொறி தயார். புழுவின் பாதி உடல் வெளியே தெரிந்தால் இழுத்து அறுக்காதீர்கள். தலையுள்ள பகுதி உள்ளே பிழைத்து மீண்டும் வளரக்கூடும். அந்தப் பாறையையே அகற்றுவது நல்லது.

இந்த வாரங்களைத் தவறவிட்டு, மீனும் முருகையும் குடியேறிய பின் தேடத் தொடங்கினால், நியூகீயில் செய்ததைப் போல முழுத் தொட்டியையும் பிரிக்க வேண்டிவரும்.

நம் கரையிலிருந்து எடுக்கலாமா?

எடுக்கக்கூடாது. இலங்கையில் கல்முருகைகள் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வதும் தடைசெய்யப்பட்டது. கல்முருகையாலான உயிர்ப்பாறை சைற்றிஸ் உடன்படிக்கையிலும் இருப்பதால், விடுமுறைக்கு வந்து திரும்பும் உறவுகள் பயணப்பெட்டியில் கொண்டு போவதும் குற்றமாகலாம். 2004 ஆழிப்பேரலையின் பின் தென்மேற்குக் கரையில் ஆய்வு செய்தவர்கள், முருகைக்கல் அகழப்பட்ட இடங்களில் அலை கூடுதல் அழிவை ஏற்படுத்தியதைப் பதிவு செய்தார்கள். அலையில் உறவுகளை இழந்த முல்லைத்தீவுக்கும் மட்டக்களப்புக்கும் அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில் தொட்டி வைப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. காய்ந்த பாறையை வாங்கி, போத்தலில் விற்கும் பற்றீரியாவைச் சேர்க்கலாம். சுழற்சி நிலைபெறக் கூடுதல் நாட்கள் எடுக்கும், பல்வகை உயிர்களும் குறைவாகவே இருக்கும். ஆனால் புழுவும் நண்டும் அதோடு வராது, கடலிலிருந்து ஒரு கல்லும் குறையாது.