நாலாவது டேப் சேர்த்ததும் மெனு மறையுதா?

ஒட்டன்சத்திரம் சந்தையின் காய்கறி விலை, நிலக்கோட்டை பூ விலை, மழை. இந்த மூணையும் காட்டுற செயலி ஒண்ணை ஃப்ளட்டரில் எழுதுறீங்கன்னு வைத்துக்கொள்வோம். ஒரே நிரல், ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடும். திரையின் அடியில் 'பாட்டம்நேவிகேஷன்பார்' வைத்து மூணு டேப் கொடுத்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும்.

நாலாவதா 'பேருந்து' சேர்த்துப் பாருங்க. மெனுவே காணாமல் போன மாதிரி இருக்கும். பிழைச் செய்தியும் வராது. காரணம் இதுதான்: மூணு டேப் வரைக்கும் ஃப்ளட்டர் தானாகவே 'ஃபிக்ஸ்டு' வகையை எடுத்துக்கொள்ளும். நாலு ஆனதும் 'ஷிஃப்டிங்' வகைக்கு மாறிவிடும். அதில் தேர்ந்தெடுக்காத டேப்களின் பெயர் மறையும். நாம் நிறம் சொல்லாவிட்டால், வெளிர் தீமில் வெள்ளைமேல் வெள்ளையாக ஐகானும் தெரியாது. 'டைப்' என்ற இடத்தில் 'பாட்டம்நேவிகேஷன்பார்டைப்.ஃபிக்ஸ்டு' என்று நாமே எழுதிவிட்டால் தீர்ந்தது. புதுசா தொடங்குறவங்க 'நேவிகேஷன்பார்' எடுத்துக்கலாம். அதில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, கத்தரிக்காய் வரை பட்டியலை உருட்டிய விவசாயி, மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பட்டியல் மறுபடி முதல் வரியில் நிற்கும். பக்கங்களை 'இண்டெக்ஸ்டுஸ்டேக்'குக்குள் வைத்தால் விட்ட இடத்திலேயே இருக்கும். ஆனால் எல்லாப் பக்கமும் தொடக்கத்திலேயே உருவாகிவிடும். குறைந்த நினைவகம் உள்ள போனில் அது பாரம்தான்.

கடைசியா, டேப்பின் பெயர். 'வானிலை முன்னறிவிப்பு' சின்னத் திரையில் அடங்காது. 'மழை' போதும். கூகுளின் மெட்டீரியல் வழிகாட்டி 3 முதல் 5 டேப் வரைதான் சொல்கிறது. அதற்கு மேல் வந்தால் உள்ளே ஒரு பக்கத்தில் போடுங்க.