கதிரைத் தரம் பிரிக்கும் படிகம்

கொற்கையில் 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரி, பம்பாயில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனது. அங்கிருந்து வந்த விடை கி.மு. 785. கரியின் வயதைக் காட்டிக்கொடுத்தது அதிலிருந்து கிளம்பும் கதிர்தான். இன்று வெட்டிய மரத்தின் ஒரு கிராம் கார்பனில் நிமிடத்துக்குச் சுமார் 14 கார்பன்-14 அணுக்கள் சிதைகின்றன. கொற்கைக் கரியின் வயதில் அது 10 அளவுக்கு இறங்கியிருக்கும். அந்தப் பத்தைப் பிசகில்லாமல் எண்ணினால் போதும். கதிர் எதிலிருந்து வருகிறது என்ற கேள்விக்கே அங்கு வேலை இல்லை. கையில் இருப்பது கார்பன் என்று முன்பே தெரியும்.

கடலோரமாகத் தெற்கே இறங்கினால் அந்தக் கேள்விதான் முக்கியம். கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் இயங்குகின்றன. அதைத் தாண்டி, குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் கலந்திருக்கிறது, மோனசைட்டில் தோரியம். உலை வராத காலத்திலும் அந்த மணலில் கைகர் கருவியை வைத்திருந்தால் படபடவென்று அடித்திருக்கும். இது மணலின் கதிரா, உலையின் கதிரா என்று யாராவது கேட்டால் கைகர் கருவியால் பதில் சொல்ல முடியாது. வலுத்த கதிர் வந்தாலும் மெலிந்த கதிர் வந்தாலும் அதற்கு ஒரே ‘டிக்’தான்.

கொற்கையின் முத்து வணிகத்தை நினைத்துக்கொள்ளலாம். குவியலில் எத்தனை முத்து என்று எண்ணுவது ஒரு வேலை. பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு வாரியாகப் பிரிப்பது வேறு வேலை. விலையைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான். காமாக் கதிருக்கு ஆற்றல்தான் அளவு. உலைக் கழிவில் இருக்கும் சீசியம்-137 காட்டுவது 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட். தோரியத்தின் வழிவந்த தாலியம்-208 காட்டுவது 583, 2,614. யுரேனிய வழியில் வரும் பிஸ்மத்-214 காட்டுவது 609. ஆற்றலை அளந்துவிட்டால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

அளப்பதற்கு நல்ல வழி குறைகடத்திப் படிகம். காமாக் கதிர் உள்ளே நின்று தன் ஆற்றலைக் கொடுத்தால், அதற்கு ஏற்ற எண்ணிக்கையில் எலக்ட்ரான்களும் அவை விட்டுச்சென்ற துளைகளும் பிறக்கும். மின்னழுத்தம் கொடுத்து இரண்டையும் இரு முனைகளுக்கு இழுத்துச் சேர்த்தால் வரும் மின்துடிப்பின் உயரமே கதிரின் ஆற்றல். ஜெர்மானியத்தில் ஒரு ஜோடி பிறக்க சுமார் 3 எலக்ட்ரான் வோல்ட் போதும். சீசியத்தின் ஒரு கதிருக்கு 2 லட்சத்துக்கு மேல் ஜோடிகள் கிடைக்கும். ஆனால் வழியில் ஓர் அந்நிய அணு நின்றாலும் எலக்ட்ரான் அதில் மாட்டிக்கொள்ளலாம். அதனால் ஜெர்மானியத்தைச் சில லட்சம் கோடி அணுவுக்கு ஓர் அந்நிய அணு என்ற தூய்மைக்குக் கொண்டுவருகிறார்கள். அத்தோடு, அறையின் வெப்பமே அதில் எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும் என்பதால் திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரி அளவுக்குக் குளிர்விக்க வேண்டும். விலை ஏன் எகிறுகிறது என்று இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

குளிரூட்டாமல் வேலை செய்வது காட்மியம் துத்தநாக டெல்லூரைடு. 2015இல் விண்ணுக்குப் போன அஸ்ட்ரோசாட்டில் இந்தப் படிகத்தாலான 64 உணரிகள் இருந்தன. அவை இஸ்ரேலிலிருந்து வாங்கியவை. உருகுநிலை ஏறக்குறைய 1,100 டிகிரி. வளரும்போதே டெல்லூரியம் சிறு திட்டுகளாக உள்ளே தங்கிவிடும் வம்பு பிடித்த பொருள் இது. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், சூடேற்றியை மெல்ல நகர்த்திக்கொண்டே போகும் முறையில் இதை வளர்த்திருக்கிறார்கள்.

மலிவு என்ற பேச்சு வந்தது பெரோவ்ஸ்கைட் என்ற படிகக் குடும்பத்தால். அதில் எனக்கு நம்பிக்கை தருவது சீசியம் லெட் புரோமைடு. 567 டிகிரியிலேயே உருகும். காரீயத்தின் அணு எண் 82 என்பதால் காமாக் கதிரை நன்றாகவே தடுத்து நிறுத்தும். படிகத்தில் சிறு குறைகள் இருந்தாலும் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் தப்பித்துப் போய்விடுகின்றன. அந்த அதீதத் தூய்மைக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கனட்சிடிஸ் குழு 2018இல் 662ஐ 4 விழுக்காட்டுக்குள் அளந்தது. 2021இல் அது 1.4 விழுக்காட்டுக்கு வந்தது.

இந்த எண் எதற்கு? இன்று பரவலாக இருக்கும் சோடியம் அயோடைடு படிகத்தில் 662இன் கோடு சுமார் 7 விழுக்காடு, அதாவது 46 அலகு அகலத்துக்குப் பரவிக்கிடக்கும். பக்கத்தில் 609இல் மண்ணின் பிஸ்மத் வந்து நின்றால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சீசியம் கொஞ்சமாக இருந்தால் பிஸ்மத்தின் சரிவில் மறைந்தே போகும். 1.4 விழுக்காட்டில் கோட்டின் அகலம் 9 அலகுதான். 583, 609, 662 மூன்றும் தனித்தனியே நிற்கும். இயற்கையாகவே கதிர் வீசும் மணலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்த இடைவெளி வெறும் ஆய்வகப் பெருமை அல்ல.

பெரோவ்ஸ்கைட்டுகளை உருக்காமல் கரைசலிலிருந்தும் வளர்க்கலாம். அதில் ஒரு விநோதம்: சில வகைகளின் கரைசலைச் சூடாக்கினால்தான் படிகம் வெளியே வரும். சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா பல்கலைக்கழகக் குழு 2015இல் இப்படி நிமிடக் கணக்கில் படிகம் எடுத்துக் காட்டியது. கரைசல் வளர்ப்பு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கண்ணாடிக் குழாயின் அடியில் விதைப் படிகத்தை வைத்து, வேண்டிய திசையில் மட்டும் வளரவிடும் சங்கரநாராயணன்-ராமசாமி முறை 2005இல் இங்கிருந்துதான் வெளிவந்தது. அது பெரும்பாலும் ஒளியியல் படிகங்களுக்கே பயன்பட்டது. கதிர் உணரிகளின் பக்கம் இன்னும் திருப்பலாம் என்பது என் ஆசை.

தொல்லைகளும் உண்டு. மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரானோடு அயனிகளும் மெல்ல நகரத் தொடங்கும். நாளாக ஆக அளவு விலகும். சில மில்லிமீட்டர் தடிப்புள்ள படிகத்தை 2,614 கதிர் பெரும்பாலும் துளைத்துக்கொண்டு போய்விடும்; தோரியத்தின் இருப்பை 583ஐ வைத்துத்தான் சொல்ல வேண்டும். காரீயம் நஞ்சு. ஈரம் பட்டால் இந்தக் குடும்பத்துப் படிகங்கள் பலவும் கெடும். நம் கடற்கரையின் உப்புக்காற்றில் வைப்பதானால் காற்றுப் புகாத உறை வேண்டும். உறைக்கும் மின்முனைக்கும் ஆகும் செலவு, படிகத்தில் மிச்சம் பிடித்ததை விழுங்காமல் இருக்க வேண்டும்.