கரையத் தெரிந்த தொட்டி

கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றைப் பிடுங்கி நட்டால் இரண்டு நாள் வாடும், மூன்றாம் நாள் நிமிர்ந்துவிடும். பீர்க்கு, புடலை, சுரை, பூசணியிடம் இது நடக்காது. வேர் ஒருமுறை அசைந்துவிட்டால் அந்தக் கன்று மீள்வது சிரமம். பிழைத்தாலும் பல நாள் வளராமல் அப்படியே நிற்கும். அதனால்தான் இவற்றை நாற்றுவிட்டுப் பிடுங்கி நடாமல் குழியிலேயே விதை ஊன்றுகிறோம். ஊன்றியதை எறும்பும் எலியும் விட்டுவைத்தால் உண்டு. வேரை அசைக்காமல் இடம் மாற்ற எளிய வழி, தொட்டியோடு சேர்த்தே நட்டுவிடுவது. அதற்குப் பழைய செய்தித்தாளே போதும்.

வேண்டியது ஒரு எவர்சில்வர் டம்ளர். செய்தித்தாளின் முழுத்தாளை விரித்து, அகலவாக்கில் 6 அங்குலப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு தாளில் மூன்று பட்டை வரும். டம்ளரின் அடிப்பக்கம் 2 அங்குலம் வெளியே நீளும்படி பட்டையைச் சுற்றுங்கள். நீளும் பகுதியை நாலாபுறமும் மடித்து, தரையில் வைத்து அழுத்தி ஒரு திருகு. டம்ளரை மேலே உருவினால் தொட்டி நிற்கும். பசை வேண்டாம், ஈர மண் நிரம்பியதும் மடிப்புகள் தாமாகவே படிந்துகொள்ளும். மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கும் கையைப் பார்த்திருப்பவர்களுக்கு இது பத்து நிமிடப் பழக்கம்.

ஏன் அகலவாக்கில்? செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், கோடு போட்டதுபோல் நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். ஆலையில் மரக்கூழ் ஓடும் திசையிலேயே அதன் நார்கள் படிந்துவிடுவதுதான் காரணம். அகலவாக்கில் வெட்டிய பட்டையைச் சுற்றும்போது அந்த நார்கள் தொட்டியில் செங்குத்தாக நிற்கும். தாளும் மடங்காமல், உடையாமல் வளையும்.

நார்களைப் பிடித்து வைத்திருப்பது பசை அல்ல, ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டதும் அது தளர்கிறது. எழுதும் தாளுக்குப் பெரிய குறையான இதுவே இங்கே நமக்கு வேலை செய்கிறது. மூன்று சுற்றுச் சுவர் மூன்று, நான்கு வாரம் தாங்கும். பீர்க்கு நாற்று நடவுக்கு வர இரண்டு வாரம் போதும். பாலித்தீன் பையில் வேர் சுவரில் மோதி வட்டமடித்துச் சுருண்டுவிடும். தாள் சுவரில் காற்று புகுவதால், வேர்நுனி அங்கே வந்ததும் காய்ந்து நிற்கிறது, பின்னால் பக்கவேர்கள் கிளைக்கின்றன. மண்ணில் இறங்கியதும் ஊறிய சுவரை அவை துளைத்துக்கொண்டு போகும்.

இது வெறும் கைவேலை என்று எண்ண வேண்டாம். ஜப்பானின் வடகோடியிலுள்ள ஹொக்கைடோ தீவில் பனிக்காலம் நீளம், பயிருக்குக் கிடைக்கும் நாள் குறைவு. அங்கே சர்க்கரை பீட்ரூட் நாற்றுகளை முன்கூட்டியே வளர்க்க 1960களில் தாள் தொட்டிகளைப் பெரிய அளவில் கொண்டுவந்தார்கள். தேன்கூடுபோல் ஒட்டிய அந்தத் தாள், மடித்தால் தட்டை. விரித்தால் நூற்றுக்கணக்கான அறைகள்.

தாளை மக்கவைப்பதில் டிரைக்கோடெர்மா போன்ற பூஞ்சைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வேரழுகலுக்கு நம் விவசாயிகள் மண்ணில் இடுகிறார்களே, டிரைக்கோடெர்மா விரிடி, அதன் உறவினர் ஒன்றுக்கு ஒரு போர்க்கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரத் துணிகள் மக்கிப் போயின. அந்தத் துணியில் கிடைத்த பூஞ்சை, செல்லுலோசைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியை ஏராளமாகச் சுரந்தது. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸின் பெயரால் அது டிரைக்கோடெர்மா ரீசி எனப்படுகிறது. துணியானாலும் தாளானாலும் அதற்கு உணவு செல்லுலோஸ்தான்.

பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்துத் தரக்கூடாது என்கிறபோது மண்ணுக்கு மட்டும் ஆகுமா என்று கேட்கலாம். சூடான எண்ணெய் மையை இளக்கி நேரே வாய்க்குக் கொண்டுவருகிறது. அந்த எச்சரிக்கை சரியானது. கறுப்பு மையின் நிறமோ பெரும்பாலும் கரி. ஆகவே கறுப்பு வெள்ளைப் பக்கங்களை எடுங்கள். வழவழப்பான வண்ண இணைப்புகளை ஒதுக்குங்கள். அவற்றின் மேல்பூச்சு தண்ணீரை விடாது, மக்கவும் தாமதமாகும்.

கரையானுக்குச் செய்தித்தாள் விருந்து. தொட்டிகளைத் தரையில் வைக்காமல் தட்டில் அடுக்குங்கள், நடும் குழியில் ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கு போடுங்கள். தட்டில் நெருக்கியும் வைக்கக்கூடாது, வேர்கள் பக்கத்துத் தொட்டிக்குள் நுழைந்துவிடும்.

முதல் முறை நான் நட்டவற்றில் பாதி வாடிப்போயின. தினமும் தண்ணீர் விட்டும் காரணம் புரியவில்லை. தோண்டிப் பார்த்தேன்: சுற்றிலும் மண் ஈரம், தொட்டிக்குள் மட்டும் காய்ச்சல். மண்ணுக்கு மேலே அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்த தாள் விளிம்பு விளக்குத் திரிபோல ஈரத்தை உறிஞ்சி வெயிலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

வருகிற ஆடிப் பட்டத்தில் ஐந்து பீர்க்கு விதையாவது இப்படிப் போட்டுப் பாருங்கள். நடும்போது விளிம்பைக் கிழித்தெறியுங்கள், அடித்தாளை விரலால் பிரித்துவிடுங்கள், மீதியை மண் முழுதாக மூடட்டும்.